ஒருத்திக்காகக் குப்பி திறப்பதில்லை

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். குனிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ரெபேக்காவின் ரவிக்கை. இரண்டு பக்கமும் பாலில் நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆன தாய்க்கு ரவிக்கை அப்படி இருந்தால் அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. குழந்தை குடிக்கவில்லை.

"நேத்து மத்தியானத்துல இருந்து மாரத் தொட மாட்டேங்குதுங்க சிஸ்டர்," என்றாள். "பசி இருக்குதுங்க. வாயத்தான் தொறக்க முடியல அதுக்கு."

அவளுடைய அம்மா பாக்கியம் எனக்கு வெளிச்சம் வேண்டும் என்று கதவை அகலத் திறந்தார். கீல் கிறீச்சிட்டது. வெயில் குழந்தையின் முகத்தில் விழுந்த அந்த நொடியில் அதன் கைகள் இறுகின. கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கின. உதட்டின் இரண்டு ஓரமும் பின்னால் இழுபட்டு, சிரிப்பது போல ஒரு முகம் வந்தது. முதுகு வில்லாக வளைந்தது.

"கதவச் சாத்துங்க. மெதுவா," என்றேன்.

கதவு மூடியதும், கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்தது. அந்த இருட்டில் பாக்கியம் கேட்டார்: "பையன் சிரிச்சானுங்களா சிஸ்டரு?"

நான் குழந்தையைச் சுற்ற ஒரு துணி கேட்டேன்.

வெள்ளகோவிலிலிருந்து உள்ளே பிரியும் சாலை ஒன்றில் இருந்தது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப்பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே கிராம சுகாதார செவிலியர். இத்தனை வருடம் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம், போன மாதம் ஒரு பணி ஓய்வு விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட இளம் செவிலியர் கேட்ட கேள்வி. இன்றைக்குத் திறந்த தடுப்பூசிக் குப்பியை முறையாகக் குளிரில் வைத்திருந்தால் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். எங்கள் காலத்தில் திறந்த குப்பியை அன்று மாலையே கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். "அப்போ ஒருத்தங்க மட்டும் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான்தான் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதற்கு முன் கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் கொஞ்ச காலம் பிழை திருத்தினேன். யார், எங்கே, எப்போது என்பது இல்லாத வரியைத் தாண்டவிடாத பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு ஒன்றரை வருடம் செவிலியர் பயிற்சி. அதில் எங்கள் ஆசிரியை கர்ப்பிணிகளுக்குப் போடும் டிடி ஊசியைப் பற்றிச் சொன்னது மட்டும் இப்போதும் காதில் இருக்கிறது. "ஊசி ஏறுவது அம்மாவின் கையில். வேலை செய்வது குழந்தையின் உடம்பில்."

அதை விளக்கிவிடுகிறேன். அந்த ஊசி தடுப்பது டெட்டனஸை; தமிழில் அதை ரணஜன்னி என்பார்கள். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி அறுத்த இடம் ஒரு திறந்த காயம். கிருமி அங்கே இறங்கினால், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை சில நாளில் வாயைத் திறக்க முடியாமல் போகும். பிறகு வெளிச்சம் பட்டால், சத்தம் கேட்டால், யாராவது தொட்டால் உடம்பு விறைக்கும். கர்ப்பிணிக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுவிட்டால் அவள் உடம்பில் எதிர்ப்பு சக்தி உண்டாகி, தொப்புள்கொடி வழியாகவே குழந்தைக்கும் போய்ச் சேரும். ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது ஊசி பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் ஊசி போட்டதும் போடாததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தடுப்பூசி நாள் புதன்கிழமை. காலையில் ஐஸ் கட்டிகளை வெளியே எடுத்து, மேலே வியர்க்கும் வரை வைப்போம். உடனே பெட்டிக்குள் அடுக்கினால் டிடி மருந்து உறைந்துவிடும். உறைந்த டிடி வெறும் தண்ணீர். கண்ணாடி சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் குக்கரில் ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி, ஆறவிட்டு, மூடியோடு எடுத்துப் போவோம். குப்பியைக் குலுக்கினால் மருந்து பால் போலக் கலங்க வேண்டும். அடியில் திப்பி தங்கினால் தொடக்கூடாது. ரப்பர் மூடியைத் துடைத்து, அரை மில்லி இழுத்து, மேல் கையில் போட வேண்டும். ஒரு தாய் மட்டும் வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் மருத்துவ அலுவலர் அப்படி நினைக்கவில்லை.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். வெள்ளைச் சட்டையின் கை மடிப்பு சாயந்திரம் வரை கலையாது. புதன்கிழமை மாலை நாங்கள் கிராமங்களிலிருந்து திரும்பியதும், தீர்ந்த குப்பிகளையும் மீதி மருந்து உள்ள குப்பிகளையும் அவர் மேசை மேல் தனித்தனியாக நிற்க வைக்க வேண்டும். மீதி உள்ள குப்பியை விரல் நுனியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "அரை பாட்டில் இருக்குதுங்களே சிஸ்டர். கவர்மெண்ட் மருந்துங்க இது. யாரோ ஒருத்தர் வரி கட்டுன காசுங்க," என்பார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். மாவட்டக் கூட்டத்தில் மருந்து வீணாவது எங்கள் நிலையத்தில்தான் குறைவு என்று அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்காக அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். ஐந்து பேராவது சேராமல் குப்பி திறக்கக் கூடாது. புதன்கிழமை தவிர வேறு நாளில் கூடவே கூடாது.

ரெபேக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை. எங்கள் எல்லையில் இருந்த காலனியில் பிறந்தவள். சோமனூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் அங்கே விசைத்தறி ஓட்டினான். இவளும் ஏழாம் மாதம் வரை தறிக்கு நூல் தார் சுற்றினாள். தலைப்பிரசவம் என்பதால் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். முதல் ஊசியை சோமனூர்ப் பக்கம் போட்டாகிவிட்டது. இரண்டாவதற்கு நாள் வந்து, தாண்டியும் போயிருந்தது.

"இந்த ஊசி ரொம்ப வலிக்குங்களா?" என்று கேட்டாள்.

"தறிச் சத்தத்துல ஏழு மாசம் உக்காந்திருக்கற. இது என்ன பண்ணும் உன்னைய?"

"அது காதுக்குங்க. இது கைக்குங்க," என்று சிரித்தாள்.

மருந்து மருத்துவ அலுவலரின் அறைக்குப் பக்கத்து அறையில், பூட்டிய குளிர்பெட்டியில் இருந்தது. சாவி அவரிடம். போய்க் கேட்டேன்.

"எத்தன பேருங்க?"

"ஒருத்திதான் சார். ரெண்டாவது டோஸ். லேட்டாயிருச்சு."

"ஒருத்திக்காக ஒரு பாட்டிலுங்களா?" அவர் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாளன்னிக்குப் புதன்கிழமைதானுங்க. ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது? வரச் சொல்லுங்க."

அந்தப் புதன்கிழமை நகரத்தில் குடும்பக் கட்டுப்பாடு முகாம். ஜீப்பில் நாங்கள் எல்லோரும் அங்கே போனோம். தடுப்பூசி கிடையாது. அதற்கு அடுத்த புதன்கிழமை அரசு விடுமுறை. தனியார் மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பார்கள். சொன்னேன். "உங்க ஊசி இருக்கறப்ப அங்க எதுக்குங்க சிஸ்டரு? நீங்க போட்டாத்தான் எங்களுக்குத் திருப்தி," என்றார் பாக்கியம். எங்கள் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

இந்த இரண்டு புதன்கிழமைகளுக்கும் நடுவே ஒரு வியாழக்கிழமை வந்தது. காலை பத்து மணி இருக்கும். மருத்துவ அலுவலர் தாமாகவே குளிர்பெட்டியைத் திறந்தார். ஒரு டிடி குப்பியை எடுத்து மருந்துப் பெட்டியில் வைத்தார். "சிஸ்டர், சிரிஞ்ச் எடுத்துட்டு வாங்க. ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்தர்லாம்."

ஜீப் ஒரு பெரிய தோட்டத்துக்குப் போனது. தென்னைக்கு நடுவில் புது மாடி வீடு. தோட்டத்துக்காரரின் மருமகள் கவிதா எட்டு மாதம். பெரியவர் வாசலுக்கே வந்தார். "வாங்க டாக்டர். போன் பண்ணுனதும் வந்துட்டீங்க. ஆஸ்பத்திரியில கும்பலுங்க, புள்ளையக் கூட்டியார முடியலீங்க."

"உங்களுக்கு இல்லாததுங்களா?" என்றார் இவர்.

நான் இருந்த அத்தனை காலத்தில் அவர் சிரிஞ்சைக் கையில் எடுத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அவரே குப்பியைக் குலுக்கினார், அவரே மூடியைத் துடைத்தார், அவரே போட்டார். நன்றாகவே போட்டார். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமனாரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கையை நீட்டியது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு இளநீர் வந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். "குடி அம்மணி, வெயில்ல வந்திருக்கற," என்றார் பெரியவர்.

திரும்பும் வழியில் காலனிக்குப் பிரியும் வளைவு வந்தது. வளைவிலிருந்து பார்த்தால் ரெபேக்காவின் வீடு தெரியும். டிரைவர் ராசுவுக்கு நான் சொல்லாமலே விஷயம் தெரியும். வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"சார்," என்றேன். "குப்பி திறந்துதான இருக்கு. இதுல இன்னும் ஒம்பது பேருக்கு மருந்து இருக்கு. இங்க ரெபேக்காவும் அவ அண்ணி ஜெபமணியும் மாசமா இருக்காங்க. அஞ்சு நிமிஷம் போதும் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அதே சிரிப்பு. "இன்னைக்கு என்ன கெழமைங்க சிஸ்டர்?"

"வியாழன் சார். ஆனா..."

"கண்ட நாள்ல போய் நின்னீங்கன்னா நாளைக்கு எல்லாரும் கண்ட நாள்ல கேப்பாங்க. அந்தப் பழக்கத்த உண்டாக்கக் கூடாதுங்க. ராசு, போலாம்."

ராசு வண்டியை எடுத்தார். நிலையத்தில் இறங்கியதும் மருத்துவ அலுவலர் அந்தக் குப்பியைக் கை கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். வெள்ளையாக ஒரு கோடு ஓடி ஓட்டைக்குள் இறங்கியது. குழாயைத் திறந்து தொட்டியை அலசினார். சுத்தத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

விடுமுறைப் புதனும் கழிந்து, அதற்கடுத்து வந்த புதன்கிழமைதான் ரெபேக்காவுக்கு இரண்டாவது ஊசி போட்டேன். கணக்குப்படி பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான்காம் நாள் வலி கண்டுவிட்டது. பாக்கியமே பிரசவம் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்தபடி புது பிளேடு, கொதிக்க வைத்த நூல். எல்லாம் சரியாகச் செய்தார். ஆனால் ராத்திரி தொப்புள் ஈரமாக இருக்கிறதே என்று, அவருக்கு அவர் அம்மா செய்தது போல, அடுப்பிலிருந்து வறட்டிச் சாம்பலை எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் நான் போய்த் துடைத்தேன். குழந்தை அப்போது நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தான். இப்படிச் சாம்பல் வைக்கும் வீடுகள் இருக்கின்றன என்று தெரிந்துதான் கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியையே வைத்திருக்கிறார்கள். சாம்பலை நிறுத்த ஒரு தலைமுறை ஆகும். ஊசி போட ஒரு நிமிடம்.

இனி அந்தக் காலை. இருட்டு அறையில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்தோம். மருத்துவ அலுவலர் விடுப்பில் இருந்தார். ஜீப்பை எடுக்க அவருடைய அனுமதி வேண்டும். ராசு குழந்தையை ஒரு முறை பார்த்தார்.

"ஏறுங்க சிஸ்டர். திட்டு வாங்கறது நான் வாங்கிக்கறனுங்க. நமக்கு அது புதுசுங்களா?"

காங்கேயம், திருப்பூர் வழியாகக் கோயமுத்தூர். ஹாரன் சத்தம் கேட்டால் குழந்தை விறைத்தது. ராசு அன்று ஹாரனே அடிக்கவில்லை. லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போனார். மாடுகள் குறுக்கே நின்றபோது இறங்கிப் போய்க் கையால் விரட்டிவிட்டு வந்தார். ரெபேக்கா முந்தானையால் குழந்தையின் கண்ணுக்கு நிழல் பிடித்தபடியே வந்தாள். வழியெல்லாம் பால் வடிந்துகொண்டிருந்தது. திருப்பூர் தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டனுங்களே சிஸ்டர். அப்புறம் எப்படிங்க?"

பெரியாஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். அவர் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்ல முடியும். முதல் இரண்டு நாள் நன்றாக அழுததா? நன்றாகக் குடித்ததா? எப்போது நிறுத்தியது? விறைப்பு எப்போது வந்தது? கடைசியாக, "இரண்டாவது ஊசிக்கும் பிரசவத்துக்கும் எத்தனை நாள்?" என்று கேட்டார். சொன்னேன். "ஏன் அவ்வளவு தாமதம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் எங்கள் புதன்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்ற செவிலியரிடம், "ஜன்னலுக்குக் கருப்புத் துணி போடுங்க," என்றார்.

குழந்தையை மூலையறையில் வைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் இறக்கி, ரெபேக்கா பீய்ச்சிக் கொடுத்த பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. வாளி வைக்கும் சத்தம் கூடாது. மருந்தும் கொடுத்தார்கள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் மதியம் இறந்துபோனான். பெயர் வைத்திருக்கவில்லை. ஞானஸ்நானத்தின்போது வைக்கலாம் என்றிருந்தார்கள்.

நான் நிலையத்துக்குத் திரும்பியதும் மருத்துவ அலுவலர் என்னை உட்காரச் சொன்னார். அவர் ஒருவரை உட்காரச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"பாவமுங்க. கேள்விப்பட்டேன். ஜன்னிதானுங்களே?"

"ரணஜன்னி சார். பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க."

"அது எப்படிங்க? ரெண்டு டோஸும் போட்டாச்சு. நீங்கதான போட்டீங்க? ரெண்டு டோஸ் போட்டவங்களுக்கு டெட்டனஸ் வராதுங்க. சாதா ஜன்னின்னு நம்ம ரிப்போர்ட்டுல போயிரும்."

"ரெண்டாவது டோஸ் பிரசவத்துக்கு நாலு நாள் முன்னாலதான் சார். அது கணக்குலயே வராது."

"சாம்பல் வெச்சது அவங்கதானுங்களே. அதுக்கு நம்ம என்னங்க பண்றது?"

நான் எழுந்துவிட்டேன். "சாம்பல்தான் காரணம்னா இது ரணஜன்னி சார். ரணஜன்னி இல்லேன்னா சாம்பல் மேல என்ன தப்பு? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"நீங்க ரொம்பக் களைச்சிருக்கீங்க சிஸ்டர். ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க," என்றார். அவரால் கோபப்படவே முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

ரணஜன்னி என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு குழு காலனிக்கு வந்திருக்கும். வீடு வீடாகப் போய் எல்லாப் பெண்களுக்கும் ஊசி போட்டிருப்பார்கள். தொப்புளில் எதையும் வைக்காதீர்கள் என்று உட்கார்ந்து பேசியிருப்பார்கள். சாதா ஜன்னிக்கு யாரும் வரமாட்டார்கள். அவரே துக்கம் கேட்கக் காலனிக்குப் போனார். போய், "ரெண்டு ஊசியும் போட்டிருக்குதுங்க, எங்க பக்கம் ஒரு கொறையும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்கள் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்கள்? ரெண்டு ஊசி போட்ட பிள்ளை செத்துப்போச்சு. அப்படியானால் ஊசியால் செத்துப்போச்சு.

அதே வீட்டில் ஜெபமணி இருந்தாள். ரெபேக்காவின் அண்ணன் பெண்டாட்டி. ஆறாம் மாதம். அதே அடுப்பு, அதே சாம்பல், பிரசவம் பார்க்க அதே பாக்கியம். ஒரு ஊசி கூடப் போடவில்லை. புதன்கிழமை நான் பெட்டியோடு போனபோது அந்தத் தெருவில் ஒருத்தியும் வெளியே வரவில்லை. பாக்கியம் வாசலை மறித்து நின்றார்.

"போதுமுங்க சிஸ்டரு. ஒண்ணக் குடுத்துப்போட்டு நிக்கறோம். உங்க ஊசியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். போயிட்டு வாங்க."

வீட்டை விட்டு அனுப்பும்போதும் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொன்னார். அடுத்த வாரமும் அதேதான். நான் போய்ச் சொல்லிப் பார்த்த எதுவும் உள்ளே நுழையவில்லை.

மூன்றாவது முறை நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மருத்துவ அலுவலர் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சாவி மருந்தாளுநரிடம் இருந்தது. கேட்டு வாங்கி, ஒரு குப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போனேன். அன்று ரெபேக்காதான் வெளியே வந்தாள். சோமனூருக்குத் திரும்பப் பை கட்டி வைத்திருந்தாள். ரவிக்கை காய்ந்திருந்தது.

"உங்க மேல கோவமில்லீங்க," என்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கறன். பொய் சொல்லாம சொல்லுங்க. அன்னிக்கு ஒரு வியாழக்கெழம, ஜீப்பு அந்த வளைவுல மெதுவா வந்துச்சு. உங்களப் பாத்தனுங்க. ஊசி போட வாரீங்கன்னு நெனச்சுக் கை கழுவிக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன். அந்த ஜீப்புல மருந்து இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"எனக்குப் போடற மருந்துங்களா?"

"அதேதான். அன்னிக்குப் போட்டிருந்தா ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருக்கும். பையனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்."

பாக்கியம் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரெபேக்கா வளைவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஜெபமணியின் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தாள்.

"வேண்டாம் ரெபேக்கா, பயமா இருக்குது," என்றாள் ஜெபமணி.

"உக்காரு. ஊசியில சாகல எம் பையன். ஊசி வராமச் செத்தான்." அவளே அண்ணியின் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "போடுங்க சிஸ்டர்."

போட்டேன். பாக்கியம் வெளியே போனார். ஜெபமணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "இவங்களுக்கும் மருந்து பத்துமுங்களா?" என்றார்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. தடுப்பூசி நாள் அல்லாத நாளில் குப்பியைத் திறந்து ஆறு பேருக்கான மருந்தை வீணடித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார். நான் உட்கார்ந்து பதில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை வீணானது ஆறு பேருக்கான மருந்து. அதற்கு முன் ஒரு வியாழக்கிழமை, தோட்டத்தில் திறந்து தொட்டியில் கொட்டியது ஒன்பது பேருக்கானது. இரண்டுக்கும் சேர்த்து மேலிடத்துக்கு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அவர் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எதுக்குங்க இதெல்லாம்? நமக்குள்ள பேசித் தீத்துக்கலாமுங்க," என்றார். மெமோ பற்றிப் பிறகு பேச்சே இல்லை. அந்த வருடக் கடைசியில், மருந்தை வீணாக்காத நிலையம் என்று மாவட்டத்தில் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுத் தம் நாற்காலிக்கு மேலே மாட்டினார். அங்கிருந்து பதவி உயர்வில் போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றிரண்டு வருடம் கழித்து ஒரு போலியோ சொட்டு மருந்து நாள். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டிருந்தோம். அன்று தோட்டம், காலனி எல்லாம் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். தோட்டத்து மருமகள் கவிதா மகனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டு பேர் பின்னால் ஜெபமணி, இடுப்பில் மகளோடு. குழந்தை ஓர் எலந்தைப் பழக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதது. ஜெபமணி அதட்டினாள்.

கவிதாவின் மகனுக்குச் சொட்டு விட்டுவிட்டு, "ஊசியெல்லாம் சரியாப் போட்டாச்சுங்களா?" என்று கேட்டேன். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான்.

"எல்லாம் கோயமுத்தூர்லயே போட்டுக்கறமுங்க அக்கா. எனக்கும் அங்கதான பாத்தாங்க, அஞ்சாம் மாசத்துல இருந்து." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்குங்களா? எனக்கு ஒரே சங்கடமாப் போச்சு. மாமா போன் பண்ணிட்டாரு, டாக்டரே நேர்ல வந்துட்டாரு. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

"ஏன் வேண்டாம்னு சொல்லணும்?"

கவிதா சொல்லித்தான் தெரிந்தது: அன்று தோட்டத்தில் அவளுக்குப் போட்டது மூன்றாவது ஊசி. போட வேண்டிய இரண்டையும் கோயமுத்தூரில் அதற்கு முன்பே போட்டு முடித்திருந்தார்கள்.